ஆழ்குழிக்குள் எக்ஸ்கவேட்டரைக் கிரேனால் இறக்குவதும் மீண்டும் எடுப்பதும்

கேள்வி – அடித்தளப் பொறியாளர்:
25 மீட்டர் ஆழக் குழிக்குள் ஏறக்குறைய 21 டன் எடையுள்ள எக்ஸ்கவேட்டரைக் கிரேனால் இறக்கி, வேலை முடிந்தபின் மேலே எடுக்கத் திட்டமிட்டுள்ளோம். சாய்தளம் அமைக்க இடமில்லை. பக்கச்சுவர்களுக்கு இடையே குறுக்குத் தாங்கிகள் இருப்பதால் இறக்கும் திறப்பும் குறுகலானது. கிரேன் 50 டன் திறனுடையது என்பதால் எடையைப் பற்றிக் கவலையில்லை என்று குழுவில் சிலர் கூறுகின்றனர். எனக்கு அதில் நிறைவில்லை. எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பதில் – கிரேன் மேற்பார்வையாளர்:
உங்கள் ஐயம் சரியானது. 50 டன் என்பது பூம் (கிரேனின் நீளும் கை) மிகக் குட்டையாகவும், சுமை கிரேனின் சுழல் மையத்துக்கு மிக அருகிலும் இருக்கும்போது மட்டும் பொருந்தும் எண். அவுட்ரிகரை (கிரேனைத் தாங்க வெளியே நீட்டும் கால்) குழி விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தி, சுமையை விளிம்புக்கு உள்ளே இறக்கும்போது ரேடியஸ் (சுழல் மையத்திலிருந்து சுமைவரையிலான கிடைமட்டத் தூரம்) எளிதில் 12 மீட்டரைத் தொட்டுவிடும். அந்தத் தூரத்தில் பொதுவாக 50 டன் கிரேனால் 21 டன்னைத் தூக்க இயலாது. சுமை ஏறியதும் பூம் வளைந்து ரேடியஸ் இன்னும் கூடும். கொக்கி, ஸ்லிங் (சுமையைக் கொக்கியில் தொங்கவிடும் கயிறு அல்லது சங்கிலி), ஷாக்கிள் (இணைப்பு வளையம்) ஆகியவற்றின் எடையையும் சுமையோடு சேர்க்க வேண்டும்.

பூம் ஓர் அவுட்ரிகருக்கு நேராகத் திரும்பும்போது கிரேன், சுமை இரண்டின் எடையிலும் பெரும்பங்கு அந்த ஒரே காலின்கீழ் இறங்குகிறது. அதனால் குழியின் பக்கச்சுவருக்கு ஏற்படும் கூடுதல் அழுத்தத்தைச் சுவரை வடிவமைத்த பொறியாளரே ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். பலகை விரித்துவிட்டால் போதும் என்று இதை விட்டுவிடாதீர்கள்.

பதில் – தூக்குப்பணித் திட்டமிடுபவர்:
ஆழ்குழியில் பலரும் மறப்பது கயிற்றின் நீளத்தை. கொக்கியோடு மொத்தச் சுமை 22 டன், ஒற்றைக் கயிற்றின் அனுமதி இழுவிசை 5 டன் என்று கொண்டால், கயிற்றைப் பூம் முனைக்கும் கொக்கிக்கும் இடையே குறைந்தது 5 மடிப்பாகக் கோக்க வேண்டும். பூம் முனை தரையிலிருந்து 22 மீட்டர் உயரத்திலும், கொக்கி குழியின் அடியிலிருந்து 5 மீட்டர் மேலேயும் நின்றால், இடைப்பட்ட தூரம் 42 மீட்டர். 5 மடிப்புக்கு 210 மீட்டர் கயிறு வேண்டும். பூம் நெடுகச் செல்லும் சுமார் 25 மீட்டரையும், கயிறு சுற்றும் டிரம்மில் எப்போதும் எஞ்சியிருக்க வேண்டிய சுற்றுகளையும் (குறைந்தது 3 என்பது நல்ல வழக்கம்) இதனுடன் சேர்க்க வேண்டும். கயிறு போதவில்லை என்பது சுமை பாதி ஆழத்தில் தொங்கும்போது தெரியவரக் கூடாது. நீளமான மடிப்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் என்பதால், சுழற்சியை எதிர்க்கும் வகைக் கயிறே இங்கு ஏற்றது.

ஸ்லிங்கை எந்த இடத்தில் மாட்டுவது என்பதற்கு அந்த மாடலின் கையேட்டைத் தவிர வேறு ஆதாரம் வேண்டாம். நான்கு கால் ஸ்லிங்கில் நான்கும் சமமாகச் சுமக்கும் என்று நம்புவதைவிட, எதிரெதிர்க் கால்கள் இரண்டே சுமப்பதாகக் கணக்கிடுவது பாதுகாப்பானது. 21 டன் எக்ஸ்கவேட்டருக்கு, கால்கள் கிடைமட்டத்துடன் 60 பாகையில் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 12.1 டன், 45 பாகையில் 14.8 டன்.

அடித்தளப் பொறியாளர்:
மிக்க நன்றி. எக்ஸ்கவேட்டரின் பின்புற எதிர் எடையைக் கழற்றிவிட்டுத் தூக்கினால் சிறிய கிரேன் போதுமா?

பதில் – கிரேன் மேற்பார்வையாளர்:
எடை குறையும்; ஆனால் ஈர்ப்பு மையம் எக்ஸ்கவேட்டரின் பூம் பக்கம் நகர்வதால் ஸ்லிங் நீளங்களைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். குழியின் அடியில் எதிர் எடையை மீண்டும் பூட்டவும் கிரேன் வேண்டும்.

மேலே எடுப்பதுதான் கடினம் என்பதையும் கருதுங்கள். டிராக்கிலும் பக்கெட்டிலும் ஒட்டிய சேறு எடையைக் கூட்டும்; ஈரக்களியில் புதைந்திருந்தால் உறிஞ்சுவிசையும் சேரும். முதலில் சேற்றைக் கழுவி, இயந்திரத்தைக் கெட்டியான தளத்துக்கு நகர்த்தி, சுழல்பகுதியைப் பூட்டிய பிறகே, எவரும் கேபினில் இல்லாத நிலையில் 10 சென்டிமீட்டர் உயர்த்திச் சமநிலை பாருங்கள். கிரேன் ஆபரேட்டருக்குக் குழியின் அடிப்பகுதி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே மேலும் கீழும் தலா ஒரு சிக்னல்மேன் நின்று ரேடியோவில் இடைவிடாமல் பேச வேண்டும். பேச்சு நின்ற நொடியே வின்ச்சை (கயிற்றை இழுக்கும் பொறி) நிறுத்துவது என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.