புது ஆட்டோமேட்டிக் வண்டி, ஈகோ மோடுல மாட்டிக்கிட்ட கதை (உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

பன்னெண்டு வருஷம் கிளட்ச் மிதிச்ச காலு, இப்பதான் ஆட்டோமேட்டிக் எடுத்து மூணு வாரம் ஆகுது. டார்க் கன்வெர்ட்டர் (கிளட்சுக்கு பதிலா ஆயில் வழியா சக்திய கடத்துற டைப்), 6 ஸ்பீடு, ஈகோ நார்மல் ஸ்போர்ட்னு மூணு மோடு. முதல் நாளே இடது கால் பழக்கதோஷத்துல கிளட்ச்னு நினைச்சு பிரேக்க ஓங்கி மிதிச்சு பின்னாடி உக்காந்திருந்த அம்மா முன் சீட்டுல போய் முட்டிக்கிட்டாங்க, அது என் தப்பு, அதை விடுங்க.

மைலேஜ் ஆசைல டெலிவரி எடுத்த அன்னைக்கே ஈகோல போட்டுட்டேன். போன வாரம் ரெண்டு வழி ரோட்டுல ஒரு லாரிய ஓவர்டேக் பண்ணலாம்னு வெளிய எடுத்து ஆக்ஸிலரேட்டர பாதி மிதிக்கிறேன், வண்டி என்னமோ கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி ஆடி அசைஞ்சு போகுது, எதிர்ல ஒரு கார் வர்றது தெரியுது, பதறிப்போய் தரையோட அழுத்திட்டேன், கொஞ்ச நேரம் ஒண்ணுமே நடக்கல, அப்புறம் ரெண்டு கியர் இறக்கி இன்ஜின் கத்திக்கிட்டு பாஞ்சுது பாருங்க, லாரிய தாண்டிட்டேன் ஆனா ஓரமா நிறுத்தி தண்ணி குடிச்சப்பறம்தான் கை நடுக்கம் நின்னுது.

நேரா சர்வீஸ் சென்டர் போய் பிக்கப்பே இல்லன்னு சண்டை போட்டேன். அங்க இருந்த மெக்கானிக் பையன் சிரிச்சுக்கிட்டே, சார் இப்பல்லாம் ஆக்ஸிலரேட்டருக்கு கேபிள் கிடையாது, பெடல்ல இருக்கறது சென்சார்தான், த்ராட்டில, அதாவது இன்ஜினுக்கு காத்து விடற வால்வ, எவ்ளோ திறக்கணும்னு கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணும், ஈகோல நீங்க பாதி மிதிச்சா அது பாதி திறக்காது, அதுக்கு மேல சீக்கிரமே பெரிய கியருக்கும் போயிடும், முழுசா மிதிச்சாதான் கிக்டவுன் ஆகி, அதாவது கியர் தானா கீழ இறங்கி, இருக்கிற பவர் மொத்தமும் வரும்னான். ஸ்போர்ட்ல போட்டா புது பவர் ஒண்ணும் வர்றதில்லையாம், கொஞ்சம் மிதிச்சாலே நிறைய திறக்கும், கியர சீக்கிரம் மாத்தாம ஆர்பிஎம் ஏத்தியே வச்சிருக்கும், அவ்ளோதான். நான் ஷோரூம்ல ஸ்போர்ட்ல ஓட்டிப் பாத்துதான் மயங்கி வாங்கினேன், இப்ப புரியுது.

இன்னொரு கூத்து, ஸ்போர்ட்ல போட்டு ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நார்மலுக்கு வந்துடுது, ஆனா ஈகோவ மட்டும் ஞாபகம் வச்சுக்குது. சிக்னல்ல இன்ஜின் நின்னுபோற அந்த ஸ்டார்ட் ஸ்டாப் அதுக்கு நேர் எதிர், ஒவ்வொரு தடவையும் நாமதான் ஆஃப் பண்ணணும். உங்களுக்கெல்லாம் எப்படி?

*

ப்ரோ உங்களுது டார்க் கன்வெர்ட்டர், கொடுத்து வச்சவர். என்னுது டூயல் கிளட்ச் (ரெண்டு கிளட்ச் மாறி மாறி தானா வேலை செய்யுற டைப்), அதுவும் டிரை டைப், கிளட்ச குளிர வைக்க ஆயில் கிடையாது. மேட்டுல டிராஃபிக்ல நிக்கிறப்ப பிரேக் போடாம ஆக்ஸிலரேட்டர லேசா மிதிச்சு வண்டிய பிடிச்சு வச்சுக்கிட்டே இருந்தேன், ஸ்டைலா இருக்குன்னு நினைப்பு, கொஞ்ச நேரத்துல டிரான்ஸ்மிஷன் ஹாட்னு வார்னிங், கருகின வாசனை வேற. உள்ள இருக்கிறது கிளட்ச்தான், நாம மிதிக்கலன்னாலும் அது தேயும்னு அன்னைக்குதான் உறைச்சுது. இப்ப ஆட்டோ ஹோல்டு (கால எடுத்தாலும் பிரேக்க தானா பிடிச்சு வைக்கிற வசதி) போட்டுதான் நிக்கிறேன், அதுவும் சீட் பெல்ட் போட்டாதான் வேலையே செய்யுது என் வண்டில.

*

எனக்கு மோடு பிரச்சனை இல்ல, ஷிஃப்டர்தான். எந்த கியர் போட்டாலும் லீவர் திரும்ப நடுவுக்கே வந்துடும், கையில தடவிப் பாத்து எதுல இருக்குன்னு கண்டுபிடிக்கவே முடியாது, டிஸ்ப்ளேயதான் பாக்கணும். ரிவர்ஸ் எடுக்கிறப்ப பின்னாடி சரியா தெரியலன்னு கதவ திறந்து எட்டிப் பாத்தேன், வண்டி தானா P-க்கு (பார்க்கிங்) போய் டக்குன்னு குலுங்கி நின்னுடுச்சு, கியர்பாக்ஸ் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். ஆனா அந்த வசதி சும்மா வைக்கல, 2016ல ஃபியட் க்ரைஸ்லர் 11 லட்சம் வண்டிக்கு மேல ரீகால் பண்ணாங்க, இதே மாதிரி நடுவுக்கு வர்ற லீவர்தான், P போட்டாச்சுன்னு நினைச்சு ஜனங்க இறங்க வண்டி உருண்டு போயிருக்கு. அதுக்கப்புறம் அந்த வண்டிங்களுக்கு கதவ திறந்தா தானா P விழுற மாதிரி சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்தாங்க.

*

என்கிட்ட இருக்கிறது சிவிடி (தனித்தனி கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்), மிதிச்சா சத்தம் முன்னாடி போகும் வண்டி பின்னாடி வரும் 😀 அதுல ஸ்னோ மட் சாண்ட்னு வேற மோடு. ஃபோர் வீல் டிரைவ்னு நினைச்சு சேத்துல இறக்கிட்டாரு மச்சான், முன் சக்கரம் ரெண்டும்தான் சுத்துது. அந்த மோடு த்ராட்டிலயும் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும்தான் (சக்கரம் வழுக்கி சுத்தாம பாத்துக்கறது) மாத்துமாம், பின் சக்கரத்துக்கு பவர் எங்கிருந்து வரும்? டிராக்டர் வச்சுதான் இழுத்தோம்.

*

மறுபடி நான்தான். கதவு மேட்டர் சொன்ன அண்ணாவுக்கு நன்றி, நேத்து எனக்கும் அதே மாதிரி ஆச்சு, வண்டி கழுவுற இடத்துல N-ல (நியூட்ரல்) விட்டுட்டு ஆஃப் பண்ணா தானா P-க்கு போயிடுது, ரெண்டு பேர் சேந்து தள்ளியும் அசையல. மேனுவல்ல தேடிப் பாத்தா இன்ஜின் ஓடறப்பவே N பட்டன கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிச்சா பூட்டிக்கும், அப்பறம் ஆஃப் பண்ணலாம்னு ஒரு மூலைல சின்ன எழுத்துல போட்டிருக்கான். இன்னும் அந்த புக்குல என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கானோ, ராத்திரி உக்காந்து படிச்சுக்கிட்டிருக்கேன், இப்ப ஹெட்லைட் பக்கம் வந்திருக்கேன்.