ஒன்பதாம் வகுப்புப் பசங்க முகம் கொடுத்தே பேச மாட்டேங்கறாங்க, என்ன பண்ணலாம்?

தளி ரோடு:
ஓசூர் டவுன் பள்ளி, ஒன்பதாம் வகுப்புல 48 பேர். பாதிப் பேர் வீட்டுல தெலுங்கு, கன்னடம். அப்பா அம்மா சிப்காட் தொழிற்பேட்டையில ஷிப்ட். கேள்வி கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறாங்க. கடைசி பெஞ்சு நாலு பேர் எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு. கண்டிப்பும் குறையாம, ஒட்டுதலும் வர என்ன வழி?

மத்தூர் கணக்கு:
முதல்ல பேர் சார். ஒரு நாளைக்கு எட்டுப் பேர்னு படிச்சா ஆறு நாள்ல முடிஞ்சிரும். யார் எங்க உட்கார்றாங்கன்னு கட்டம் போட்டு அட்டெண்டன்ஸ் நோட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. "ஏய் கடைசி பெஞ்ச்"னு கூப்பிட்டீங்கன்னா அந்த பெஞ்சே தனிக் கட்சி ஆயிடும்.

அந்த நாலு பேர்ல ஒருத்தன்தான் தலை. அவன்கிட்ட பத்து நாள், தினம் ரெண்டு நிமிஷம், பாடத்தையும் ஒழுங்கையும் தொடாம பேசுங்க. எருது விடும் விழா பேச்சை எடுத்தாலே போதும். மொத மூணு நாள் "ம்"தான் வரும், வாத்தியாருங்க பாதிப் பேர் அங்கயே விட்டுடறாங்க.

தலை குனியறது பல நேரம் பயம் இல்ல, மொழி. கேள்வி கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. பக்கத்துப் பையன்கிட்ட அவங்க மொழியிலயே ஒரு நிமிஷம் பேசிட்டு அப்புறம் பதில் சொல்லட்டும். நடுநடுவே புரிஞ்சுதான்னு தெலுங்குல "அர்த்தமாயிந்தா", கன்னடத்துல "அர்த்த ஆய்த்தா"ன்னு கேளுங்க. அளவோட! ஓவரா போனா காமெடி ஆயிடும்.

காவேரிப்பட்டணம்:
எதிர்த்துப் பேசறவனை எல்லார் முன்னாடியும் அதட்டினா, அவன் சொல்ற பதில் உங்களுக்கு இல்ல, மீதி 47 பேருக்கு. பாடத்தை நிறுத்தாம நடந்து போய் அவன் நோட்டு மேல விரலால தட்டி, "பெல் அடிச்சதும் வராந்தாவுக்கு வா"ன்னு மெதுவா சொல்லுங்க. வெளிய ஒரே கேள்வி, "என்ன ஆச்சு?" அடுத்த பீரியட்ல அதைக் கிளறக் கூடாது.

அடி, முட்டி போட வைக்கிறது, அப்பன் தொழிலை இழுத்துத் திட்டறது எதுவும் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, 17ஆம் பிரிவு 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளை உடம்பால நோகடிக்கிறதையும் மனசால நோகடிக்கிறதையும் சேர்த்தே தடுக்குது.

மொத பீரியட்ல தூங்கி விழறவனைத் திமிருன்னு நினைக்காதீங்க. அரசின் காலை உணவுத் திட்டம் அஞ்சாம் வகுப்போட சரி. அம்மா விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஏறியிருப்பாங்க. "சாப்டியா"ன்னு கேட்டுட்டு மத்ததைப் பேசுங்க. வீட்டுக்குப் போன் பண்ணும் முன்னாடி இந்த வாரம் எந்த ஷிப்ட்னு பையன்கிட்டயே கேட்டுக்கோங்க. முதல் போன் நல்ல சேதியா இருக்கணும், இல்லேன்னா அடுத்த தடவை எடுக்க மாட்டாங்க.

தளி ரோடு:
ராத்திரி வாட்ஸ்அப்புல பசங்க தனியா மெசேஜ் போடறாங்க. பதில் சொல்லலாமா?

பாலக்கோடு மிஸ்:
"குரூப்ல கேளு"ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். குரூப்ல பெற்றோர் நம்பர் இருக்கணும். பையனோ பொண்ணோ, தனியா பேசறதுன்னா கதவு திறந்திருக்கணும்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்"னு ஆரம்பிச்சா சத்தியம் பண்ணிடாதீங்க. பாலியல் தொல்லைன்னா, குழந்தைகளைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்கற போக்சோ சட்டம் 19ஆம் பிரிவுப்படி போலீஸுக்குச் சொல்லியே ஆகணும், மறைச்சா 6 மாசம் வரைக்கும் சிறை. குழந்தைகள் உதவி எண் 1098க்கும் கூப்பிடலாம். நீங்களே விசாரணை நடத்தி நாலு தடவை சொல்ல வைக்காதீங்க. பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி வைங்க, தெலுங்குல சொன்னா தெலுங்குலயே.