ஆப்பிரிக்காவில் கட்டணம் செலுத்திப் பெருவிலங்கு வேட்டையாடுவது அறத்துக்கும் காட்டுக்கும் பொருந்துமா?

கேள்வி: நாகலூர்த் தோட்டக்காரர்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்துக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. இரவில் காட்டெருமைக் கூட்டம் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே புகுந்து இளஞ்செடிகளை மிதித்துவிட்டுப் போவதும், காலையில் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரப்பட்டையில் அவை கொம்பு உரசிய தடத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் வனத்துறைக்கு மனு எழுதுவதும் இங்கே வாடிக்கை. இந்த நிலையில், நமீபியாவின் விண்ட்ஹூக் நகரில் வேலை பார்க்கும் என் மைத்துனர், அங்குள்ள ஒரு வேட்டைச் சுற்றுலா நிறுவனத்தின் கையேட்டை அனுப்பி, அடுத்த ஆண்டு உடன் வருமாறு அழைக்கிறார். ஒரு விலங்கைச் சுடுவதற்குக் கட்டும் பணம்தான் மற்ற விலங்குகளைக் காப்பாற்றுகிறது என்று அந்தக் கையேடு பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. இது உண்மையா, அல்லது பணக்காரர்களின் பொழுதுபோக்குக்குப் பூசிய மேற்பூச்சா? போவதாக இருந்தால் எவற்றையெல்லாம் விசாரிக்க வேண்டும்? பாடம் செய்த தலையைச் சேலத்துக்குக் கொண்டுவர முடியுமா? மேலும், இந்த முறை நம் மலைக்கு ஒத்துவருமா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில் 1: விலங்கியல் ஆசிரியை (ஓய்வு), அஸ்தம்பட்டி

தம்பி, அந்தக் கையேடு சொல்வது முழுப் பொய்யல்ல. ஆனால் பாதியைத்தான் சொல்கிறது. நமீபியாவில் 1996இல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலங்களில் வாழும் ஊர் மக்கள் தங்களுக்குள் சமூகக் காப்பகம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டால் அங்குள்ள விலங்குகளால் வரும் வருமானத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு என்று வகுத்தார்கள். 1998இல் முதல் காப்பகங்கள் பதிவாயின. இன்று எண்பதுக்கும் மேற்பட்டவை நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் பரவியிருக்கின்றன. அதற்கு முன் யானை வந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்தால் இழப்பு ஊருக்கு, யானை அரசுக்கு என்பதுதான் நிலைமை. உங்கள் தோட்டத்து நிலைமையும் அதுதானே. புதிதாகத் தொடங்கிய ஒரு காப்பகத்துக்குத் தங்கும் விடுதி கட்டிப் படம் எடுக்கும் பயணிகளை வரவழைக்க ஆண்டுகள் பல ஆகும் என்பதால், கூடாரம் அடித்துத் தங்கும் ஒருசில வேட்டைக்காரர்களின் பணம்தான் பல இடங்களில் முதல் வருமானமாக வந்து சேர்ந்தது.

தென் ஆப்பிரிக்காவின் வெண் காண்டாமிருகத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாகச் சுருங்கிப்போயிருந்த அந்த இனம், 1968இல் வரையறுக்கப்பட்ட வேட்டையை அனுமதித்தபோது ஏறத்தாழ 1,800 ஆக இருந்தது. தனியார் நில உரிமையாளர்கள் அதை வாங்கி வளர்க்கத் தொடங்கிய பிறகு, 2010 வாக்கில் பதினெட்டாயிரத்தைத் தாண்டியது. வேட்டைக் கட்டணம் அதற்கு ஒரு காரணமே தவிர, ஒரே காரணமன்று. அதேபோல, கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்த பின் அடுத்த நாற்பது ஆண்டுகளில் அங்கே காட்டு விலங்குகள் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தன என்பதை வேட்டை ஆதரவாளர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். மக்கள்தொகை, ஆடுமாடுகளின் பெருக்கம், வேலிகள், வறட்சி ஆகியவற்றை அவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

எண்ணிக்கை கெடாமல் வேட்டையாட முடியுமா என்றால், விலங்கைப் பொறுத்தது. சிங்கத்தில் இது மிகவும் நுட்பமான விஷயம்: குட்டிகள் உள்ள கூட்டத்தின் ஆண் சிங்கத்தைச் சுட்டால், அந்த இடத்தைப் பிடிக்கும் புதிய ஆண் முந்தையதன் குட்டிகளைக் கொன்றுவிடும், ஆகவே ஒரு குண்டில் சாவது ஒரு சிங்கம் மட்டுமல்ல. ஆறு வயதுக்குக் குறைந்த ஆணைச் சுடக்கூடாது என்ற விதியைத் தான்சானியாவும், மொசாம்பிக்கின் நியாசா காப்பகமும் கொண்டுவந்தது இதனால்தான். வயதை மதிப்பிட மூக்கைத் தொலைநோக்கியில் பார்ப்பார்கள். இளம் சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும், வயது ஏற ஏறக் கரும்புள்ளிகள் கூடிக்கொண்டே போகும். ஜிம்பாப்வேயில் 2015இல் கொல்லப்பட்ட செசில் இந்த விதிப்படி பார்த்தால் முதிர்ந்த சிங்கம்தான், ஏறக்குறைய 13 வயது. ஆனாலும் ஹ்வாங்கே தேசியப் பூங்காவில் ஆய்வுக் கழுத்துப்பட்டையோடு வாழ்ந்த அதைப் பூங்காவுக்கு வெளியே இரை வைத்து வரவழைத்து அம்பெய்தார்கள். அம்பு பட்டும் அது சாகாமல் பல மணி நேரம் துடித்த பிறகே கொன்றார்கள். எண்ணிக்கைக் கணக்கில் தேறுவது அறத்தின் கணக்கில் தேற வேண்டும் என்பதில்லை.

பதில் 2: வாழப்பாடி வாசகர்

அம்மா சொன்ன விவரங்களை மறுக்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்து, கயிறு கட்டிக் கோயில் திடலில் ஓடவிட்டு, மறுபடி காட்டிலேயே விட்டுவிடும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. இன்று அதைச் செய்தால் வனத்துறை வழக்குப் போட்டு அபராதம் விதிக்கிறது. விதிப்பது சரி என்றே நானும் நினைக்கிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகும் சில விலங்குகளுக்கு உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது, அதையும் 1991 திருத்தம் அடைத்துவிட்டது. ஆனால் 2014இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், நமீபியாவில் ஒரு கரும் காண்டாமிருகத்தைச் சுடும் அனுமதியை 3,50,000 டாலருக்கு ஏலம் விட்டார்கள். அழியும் நிலையில் உள்ள இனம் அது. இனப்பெருக்க வயது கடந்த, இளம் ஆண் காண்டாமிருகங்களைக் குத்திக் கொல்லும் கிழட்டு விலங்கு என்று விளக்கம் தந்தார்கள், இருக்கட்டும். அதே காட்டில் பசிக்கு மான் பிடிக்கக் கண்ணி வைக்கும் உள்ளூர்க்காரன் சிறைக்குப் போகிறான், டாலர் கட்டியவன் காட்டைக் காத்தவன் ஆகிறான். கட்டணத்தைப் பொறுத்து அறம் மாறுமென்றால் அதற்கு அறம் என்று பெயர் வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

நம் மலைக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேர்கூட இல்லாத நாடு நமீபியா. சேலம் மாவட்டத்தில் 600க்கு மேல். சேர்வராயன் மலையில் எந்தப் பக்கம் திரும்பிச் சுட்டாலும் தோட்டமோ, மலையாளிப் பழங்குடி மக்களின் ஊரோ, பேருந்துச் சாலையோ குறுக்கே வரும். காட்டெருமை அந்தச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. மனித உயிருக்கு ஆபத்தானால்கூடத் தலைமை வன உயிரினக் காப்பாளர்தான் ஆணையிட முடியும். இங்கே பேச வேண்டியது இழப்பீடு எத்தனை மாதத்தில் கைக்கு வருகிறது என்பதைத்தான்.

பதில் 3: அருஷாவில் இருந்தவர், இப்போது அழகாபுரம்

தான்சானியாவின் அருஷாவில் ஒரு வேட்டை நிறுவனத்தில் சில ஆண்டுகள் கணக்கு எழுதியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வாடிக்கையாளருக்குப் போகும் பில்லில் நாள் கட்டணம் தனி, விலங்குக் கட்டணம் தனி, அரசு அனுமதிகள் தனி, தோலைப் பதப்படுத்திக் கட்டி அனுப்பும் செலவு தனி. இவற்றில் நாள் கட்டணம்தான் பெரியது. அது பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்கிவிடும். எனவே "உங்கள் பணம் ஊருக்குப் போகிறது" என்று யாராவது சொன்னால், எந்த வரியில் உள்ள பணம், எத்தனை சதவீதம், கடந்த ஆண்டு எந்த மாதத்தில் ஊர்க் குழுவின் கணக்கில் ஏறியது என்று எழுத்தில் கேளுங்கள். நான் பார்த்த ஊர்களில் பங்கு தாமதமாகத்தான் வந்தது. நமீபியாவில் காப்பகமே நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போடுவதால், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

அடுத்து, விலங்குகளை யார் எண்ணினார்கள், எத்தனை சுடலாம் என்ற ஒதுக்கீட்டை யார் முடிவு செய்தார்கள் என்று கேளுங்கள். வேலியிட்ட நிலமா, திறந்த நிலமா என்பதை நேராகக் கேளுங்கள். தென் ஆப்பிரிக்காவில் கூண்டில் வளர்த்த சிங்கத்தை அடைப்புக்குள் விட்டுச் சுடவைக்கும் தொழில் பல ஆண்டுகளாக நடந்திருக்கிறது, அதை வேட்டைக்காரர்களிலேயே பலர் ஏற்பதில்லை. காயம்பட்டுத் தப்பிய விலங்குக்கும் முழுக் கட்டணம் வாங்கும் வழக்கம் பரவலாக உண்டு; அப்படிக் கறாராக வாங்கும் நிறுவனத்தையே நம்புங்கள், ஏனென்றால் அங்கேதான் வாடிக்கையாளர் உறுதியில்லாமல் விசையை அழுத்தத் தயங்குவார். இறைச்சி யாருக்குப் போகிறது என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கையேட்டில் இல்லாத ஒரு காட்சியையும் சொல்லிவிடுகிறேன். முகாமின் பின்புறத்தில் தோல் உரிக்கும் கொட்டகை இருக்கும். காது மடல்களை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, உதடுகளைப் பிளந்து, கைப்பிடி கைப்பிடியாக உப்பைத் தேய்த்துத் தோலை மடித்து வைப்பார்கள். இல்லையென்றால் வெப்பத்தில் முடி உதிர்ந்துவிடும். வாடிக்கையாளர்களில் மிகச் சிலரே அந்தக் கொட்டகைக்குள் வந்து பார்த்தார்கள். நீங்கள் போனால் பாருங்கள்.

நாகலூர்த் தோட்டக்காரர்

மூவருக்கும் நன்றி. பெரிய விலங்கு எதையும் சுடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். மைத்துனரோடு போய் ஒரு காப்பகத்தில் தங்கி, அவர்களுடைய கணக்கைப் பார்க்க விரும்புகிறேன். மைத்துனர் குடு (kudu) என்ற ஆப்பிரிக்க மான் ஒன்றைச் சுட்டு, அதன் தலையை எங்கள் வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார். அது நடக்குமா?

விலங்கியல் ஆசிரியை (ஓய்வு), அஸ்தம்பட்டி

அவரே கொண்டுவந்தாலும் சரி, கூரியரில் அனுப்பினாலும் சரி, முன் அனுமதி இல்லாமல் வந்தால் சுங்கத்தில் பிடித்துக்கொள்வார்கள். நமீபியாவின் ஏற்றுமதி அனுமதி கையில் இருந்தால் மட்டும் போதாது. நம் நாட்டின் இறக்குமதி விதிகளும் கால்நடை நலச் சான்று விதிகளும் தனி. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் (CITES) பட்டியலில் உள்ள இனங்களுக்கென்றே 2022 திருத்தம் நம் சட்டத்தில் புதிய அத்தியாயம் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. விலங்கின் அறிவியல் பெயரைக் குறிப்பிட்டு முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள், பதில் எழுத்தில் வரும்வரை மானைச் சுட வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள்.