ஏரிக்குள்ள ஆறே வரல, அப்போ இவ்வளவு தண்ணி எங்கிருந்து? (மிச்சிகன்)

வைகைக்கரை:

வணக்கம் மக்களே. மிச்சிகன்ல நோவை பக்கம் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வீக்கெண்ட் ஆனா பசங்கள கூட்டிட்டு ஏதாவது ஒரு லேக்குக்குப் போயிருறோம், இங்க தடுக்கி விழுந்தா லேக்தான. ஆனா ஒரு விஷயம் மண்டையக் குடையுது. நம்ம பக்கம் கண்மாய்னா ஒரு பக்கம் கரை இருக்கும், வரத்துக் கால்வாய் இருக்கும், மடை இருக்கும், நெறைஞ்சா கலுங்கு வழியா மறுகால் பாயும், எந்தத் தண்ணி எங்கிருந்து வருதுன்னு சின்னப்புள்ளைக்கும் தெரியும். இங்க லேக்‌ஷோர் பார்க்ல நின்னு வால்ட் லேக்க பாத்தா கரையும் இல்ல மடையும் இல்ல, சொல்லிக்கிற மாதிரி ஒரு ஆறும் உள்ள வர்றதா தெரியல, தண்ணி மட்டும் நல்ல கோடையிலயும் அப்படியே நிக்குது.

என் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்கிறா. "இந்தத் தண்ணி எங்கிருந்துப்பா வருது"ன்னு கேட்டா, பெரிய ஐஸ் உருகி வந்ததுடான்னேன். "அது எப்பவோ உருகிருச்சே, இன்னும் எப்படி மிச்சம் இருக்கும்"னு திருப்பிக் கேக்குறா. நியாயமான கேள்விதான? தெரிஞ்சவங்க கொஞ்சம் வெளக்குங்க. அதோட ஊத்து பொங்கி வர்றத கண்ணால பாக்குற மாதிரி இடம் இங்க எங்கயாவது இருக்கா? ஜூலைல அப்பா அம்மா மதுரைல இருந்து வர்றாங்க, அவங்களையும் கூட்டிட்டுப் போகணும். அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது.

மொரைன்_மணி:

உங்க பொண்ணு கேட்டது ரொம்ப சரியான கேள்விங்க. ஐஸ் உருகின தண்ணி எப்பவோ போயாச்சு. கிளேசியர், அதாவது மெதுவா நகர்ற அந்தப் பெரிய ஐஸ், குடுத்துட்டுப் போனது பள்ளமும் அதச் சுத்தி இருக்கற மணலும் கிராவலும் (சரளைக்கல்லும்) தான், தண்ணி வருஷா வருஷம் பெய்யற மழையும் ஸ்நோவும் மண்ணுக்குள்ள எறங்கி வர்றது.

கொஞ்சம் விவரமா சொல்றேன். கனடாவோட பெரும்பகுதிய மூடியிருந்த லாரன்டைட் ஐஸ் ஷீட்டோட ரெண்டு நாக்கு நம்ம ஓக்லேண்ட் கவுன்ட்டியிலதான் ஒண்ணோட ஒண்ணு முட்டிச்சு, வடமேக்க இருந்து சாகினா லோப், கெழக்க இருந்து ஹியூரான்-ஈரி லோப். ரெண்டும் தள்ளிட்டு வந்த மண்ணு கல்லு எல்லாம் நடுவுல குமிஞ்சுதான் இந்த மேடும் பள்ளமும், கிளார்க்ஸ்டன் பக்கம் ஸ்கீ பண்றாங்களே பைன் நாப், அதெல்லாம் இப்படி குமிஞ்சதுதான். ஏறக்குறைய 15,000 வருஷத்துக்கு முன்னாடி ஐஸ் இந்தப் பக்கத்துல இருந்து பின்வாங்கும்போது பெரிய பெரிய துண்டா ஒடைஞ்சு நின்னுருச்சு, உருகி ஓடற தண்ணி மணல அடிச்சுட்டு வந்து அந்தத் துண்டு மேலயே மூடிருச்சு. மணல் மூடினதால அது சீக்கிரம் உருகல, உள்ளயே கெடந்து மெதுவா உருகி முடிச்சதும் மேல இருந்த மணல் உள்வாங்கி குழி ஆயிருச்சு. இதத்தான் கெட்டில் லேக்குங்கறாங்க. குழியோட அடி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழ போனா ஏரி, போகலன்னா வெறும் பள்ளம், காட்டுக்குள்ள நடக்கும்போது காஞ்ச குழி நெறைய பாக்கலாம்.

அதனால ஏரியோட மேல்பரப்பு எதுன்னு பாத்தீங்கன்னா அந்த எடத்துல மண்ணுக்கடியில நிக்கற தண்ணியோட மட்டமேதான், பள்ளம் ஆழமா இருக்கறதால நம்ம கண்ணுக்குத் தெரியுது. ஒரு பக்கம் கரையோட அடியில தண்ணி கசிஞ்சு உள்ள வரும், எதிர்ப்பக்கம் கசிஞ்சு வெளிய போகும், ஆறு வேணும்னே இல்ல. சில ஏரிக்கு வெளிய போற ஓடை மட்டும் இருக்கும், வால்ட் லேக் தண்ணி மிடில் ரூஜ் ஆத்துக்குப் போகுது. ஹியூரான், கிளின்டன், ரூஜ், ஃபிளின்ட், ஷியாவாசீன்னு அஞ்சு ஆறு இந்த ஒரே கவுன்ட்டியில பொறக்குதுங்க, எல்லாம் இந்தக் கிராவல் மேடு குடிச்சு வெச்ச தண்ணி.

ஒண்ணு மட்டும் பொண்ணுக்குச் சொல்லிக் குடுங்க, பாக்கற எல்லாமே கெட்டில் இல்ல. அபார்ட்மெண்ட்டுக்குள்ள ஃபவுன்டன் வெச்ச குளம் பெரும்பாலும் மழைத்தண்ணி தேக்க வெட்டினது, ஓரமா கான்கிரீட் பைப் வாய் தெரியும். கென்சிங்டன் பார்க்ல இருக்கற கென்ட் லேக் ஹியூரான் ஆத்துக்குக் குறுக்க அணை கட்டித் தேக்கினது. ஒரு கெட்டிலையும் இந்த மாதிரி ஒண்ணையும் ஒரே நாள்ல பாத்தா வித்தியாசம் புரிஞ்சிரும்.

பெரியவங்களோட போறதுக்கு முதல்ல இந்தியன் ஸ்பிரிங்ஸ் மெட்ரோபார்க் போங்க, ஒயிட் லேக் பக்கம். ஹியூரான் ஆறு தொடங்கற சதுப்பு அங்கதான் இருக்கு. அங்க இருக்கற டிஸ்கவரி சென்டர்ல குளத்துக்கு அடியில கண்ணாடி ரூம் மாதிரி கட்டியிருக்காங்க, உள்ள நின்னு மீனெல்லாம் தண்ணிக்குக் கீழ இருந்தே பாக்கலாம். தெறந்திருக்கற நேரம் மட்டும் பாத்துக்கோங்க.

கூழாங்கல்:

மணி அண்ணா சொன்னது அவ்வளவும் சரி, அது கூட ரெண்டு ஏரிய சேத்துக்கோங்க, ஹிக்கின்ஸ் லேக், ஹோட்டன் லேக். ரோஸ்காமன் பக்கம், ரெண்டும் பக்கத்து பக்கத்துல. ஹோட்டன்தான் மிச்சிகனுக்குள்ள இருக்குற பெரிய ஏரி, 20,000 ஏக்கர், ஆனா ஆழம்னு பாத்தா இருவது அடி சொச்சம்தான். ஹிக்கின்ஸ் அதுல பாதிதான் இருக்கும், ஆழம் 135 அடி, தண்ணி கண்ணாடி மாதிரி. ஹிக்கின்ஸ்ல இருந்து கட் ரிவர்னு ஒரு சின்ன ஆறு மார்ல் லேக் வழியா ஹோட்டனுக்குப் போகுது, அங்கிருந்து மஸ்கீகன் ஆறு கெளம்புது. ஒண்ணு ஆழக் குழி ஒண்ணு அகலத் தட்டு, ஒரே கிளேசியர் ஒரே பகுதியில ரெண்டு விதமா வேலை பண்ணிட்டுப் போயிருக்கு, இத பக்கத்து பக்கத்துல பாக்கும்போது எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம் வரும்.

மார்ல் லேக்னு சொன்னேன்ல, அந்த மார்ல்ங்கறது சுண்ணாம்புச் சேறு. நிலத்தடி தண்ணி சுண்ணாம்பக் கரைச்சுக்கிட்டு வந்து ஏரியில விட்டுருது, அதான் சில லேக்ல தரை வெள்ளையா கொழகொழன்னு இருக்கு, கால வெச்சா முழங்கால் வரைக்கும் கூட எறங்கும், பசங்கள பாத்து எறக்குங்க. டார்ச் லேக் அந்த டர்க்காய்ஸ் கலர்ல தெரியுறதுக்கும் தண்ணியில மெதக்குற சுண்ணாம்புத் துகள்தான் காரணம்.

ஊத்த கண்டுபிடிக்கணும்னா நல்ல வெயில் நாள்ல கணுக்கால் ஆழத் தண்ணியில கரையோரமா மெதுவா நடங்க. தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், திடீர்னு ஒரு எடத்துல மணலுக்குள்ள இருந்து சில்லுனு ஒரு கோடு கால்ல படும், ரெண்டு அடி தாண்டினா மறுபடி வெதுவெதுப்பு. அங்க குனிஞ்சு பாத்தா மணல் பொடிப்பொடியா குதிக்கிறது தெரியும். ஆழத்துல நீந்தும்போது கீழ குளிருறது வேற, அது வெயில் சூடு கீழ எறங்காததால, அத ஊத்துன்னு நெனைக்காதீங்க.

அப்புறம் கல்லு! கரையில வெள்ளைக் கல்லுக்குள்ள செவப்பு செவப்பா ஜாஸ்பர் பதிஞ்ச மாதிரி ஒண்ணு கெடைக்கும், புட்டிங்ஸ்டோன்ம்பாங்க. காஞ்சிருந்தா சாதாரணமா தெரியும், தண்ணியில நனைச்சுப் பாருங்க, செவப்பு பளிச்சுனு வரும். அது ஹியூரான் ஏரிக்கு வடக்க ஒன்டாரியோல புரூஸ் மைன்ஸ் பக்கத்துப் பாறை, 200 கோடி வருஷத்துக்கு மேல பழசு, அங்கிருந்து ஐஸ் தூக்கிட்டு வந்து நம்ம பேக்யார்டுல போட்டிருக்கு. உங்க பொண்ணு கையில ஒண்ணு குடுத்தா கிளேசியர் பாடம் வேற எதுவும் தேவையில்ல. ஸ்லீப்பிங் பேர் மாதிரி நேஷனல் லேக்‌ஷோர்ல மட்டும் எதையும் எடுக்கக் கூடாது, பாத்துட்டு வெச்சிருங்க.

லேக்ல குளிச்சா ஏறின ஒடனே பசங்க ஒடம்ப டவல்ல அழுத்தித் தொடைச்சு விடுங்க, வாத்துல இருந்தும் நத்தையில இருந்தும் வர்ற ஒரு ஒட்டுண்ணியால அரிப்பு வரும், ஸ்விம்மர்ஸ் இட்ச், தானா போயிரும் ஆனா புள்ளைங்க தூங்காது.

பாலத்துக்கு_அந்தாண்ட:

ஊத்து பொங்குறத கண்ணால பாக்கணும்னு கேட்டுட்டு யாரும் கிட்ச்-இட்டி-கிப்பி பத்திச் சொல்லலையே! யூ.பி.ல (அப்பர் பெனின்சுலா, மேக்கினா பாலத்துக்கு அந்தாண்ட இருக்குற வட மிச்சிகன்) மனிஸ்டீக் ஊருக்குப் பக்கத்துல, பாம்ஸ் புக் ஸ்டேட் பார்க். நோவைல இருந்து கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் டிரைவ், தூரம்தான், ஆனா மேக்கினா பாலம் (1957ல தெறந்தது, அஞ்சு மைல்) தாண்டி யூ.எஸ்.-2 ரோட்ல மிச்சிகன் ஏரிய ஒட்டியே போற அந்த வழியே ஒரு டூருக்குச் சமம்.

குறுக்க 200 அடி, ஆழம் 40 அடி. அடியில பாறை வெடிப்புல இருந்து நிமிஷத்துக்கு 10,000 கேலனுக்கு மேல தண்ணி வருது, சென்னைல ஓடுற 12,000 லிட்டர் தண்ணி லாரி மூணு வந்து நிமிஷா நிமிஷம் கொட்டுற மாதிரின்னு அப்பாகிட்ட சொல்லுங்க, ஒடனே புரியும். வருஷம் முழுக்க 45 ஃபாரன்ஹீட், அதாவது 7 டிகிரி, ஜனவரியிலயும் உறையாது.

ஒரு தெப்பம் விட்டிருக்காங்க, மோட்டர் கெடையாது, கேபிள்ல ஓடுற சக்கரத்த நம்மளே சுத்தணும், பசங்க போட்டி போட்டு சுத்துவாங்க. தெப்பத்துக்கு நடுவுல தொறப்பு இருக்கு, அதுல குனிஞ்சு பாத்தா பச்சைத் தண்ணி, கீழ விழுந்து கெடக்குற பழைய மரம், மேல சுண்ணாம்பு படிஞ்சு வெளுத்துப் போயிருக்கும், பெரிய பெரிய ட்ரவுட் மீன் அசையாம நிக்கும். அடித்தளத்துல மணல் புகை மாதிரி எழும்பி எழும்பி அடங்கும், ஒரு தடவ பாத்த உருவம் அடுத்த நிமிஷம் இருக்காது. ஆழம் 40 அடின்னு நம்பவே முடியாது, கைய விட்டா எட்டும் போல இருக்கும். கைய விடாதீங்க, குளிக்கவும் அனுமதி இல்ல. பார்க்கிங்ல இருந்து கொஞ்ச நடைதான், படி இல்ல, அம்மா தாராளமா வரலாம்.

இந்த எடம் இப்படி இருக்குறதுக்கு ஒரு கடைக்காரர்தான் காரணம். மனிஸ்டீக்ல கடை வெச்சிருந்த ஜான் பெல்லேர். மரம் வெட்டுறவங்க குப்பை கொட்டுற குழியா கெடந்தத அவர் பாத்துட்டு, தானே வாங்கியிருக்கலாம், ஆனா நிலத்துக்குச் சொந்தக்கார கம்பெனிகிட்ட பேசி 1926ல மாநில அரசுக்கு 10 டாலருக்கு விக்க வெச்சாரு, பொதுமக்களுக்கு பார்க்கா இருக்கணும்னு கண்டிஷன் போட்டு. நான் அங்க போறப்பெல்லாம் அவர நெனைச்சுக்குவேன்.

ஒஸ்கோடா பக்கம் ஐயர்கோ ஸ்பிரிங்ஸ்னு இன்னொன்னு இருக்கு, ஆ சேபிள் ஆத்தங்கரைல சரிவுல இருந்து ஊத்து ஊத்தா எறங்கும், அருமையான எடம், ஆனா கிட்டத்தட்ட 300 படி. அம்மாவ மேல இருக்குற வியூ டெக்ல உக்கார வெச்சுட்டு நீங்க மட்டும் எறங்கலாம். கொசு மருந்து மறக்காதீங்க, தயிர் சாதம் கட்டிக்கோங்க.

வடலி:

நான் ரொறன்ரோவில இருக்கிறன். கிட்ச்-இட்டி-கிப்பிக்குப் போன வருசம் குடும்பமாப் போனனாங்கள், உண்மையிலேயே வடிவான இடம். ஆனா ஒரு விசயம், அது மணி சொன்ன கெட்டில் வகை இல்ல. அங்க கீழ இருக்கிறது பழைய கடலில படிஞ்ச சுண்ணாம்புக்கல், நயாகரா அருவி விழுற அதே பாறை வரிசைதான் வளைஞ்சு மனிஸ்டீக் வரைக்கும் போகுது. கல்லுக்குள்ள இருக்கிற வெடிப்பால தண்ணி அழுத்தத்தில மேல வருது. யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு இது புதுசில்ல, கீரிமலைக் கேணியும் நிலாவரையும் சுண்ணாம்புக்கல் குடுத்த தண்ணிதானே. அதால பிள்ளைக்கு ரெண்டையும் வேற வேறயா காட்டுங்கோ, மணல் குழியில நிக்கிற தண்ணி ஒண்டு, கல்லுக்குள்ளால வாற தண்ணி ஒண்டு.

எங்கட பக்கம் வந்தால் மில்ற்றனுக்குக் கிட்ட இருக்கிற குரோபோர்ட் ஏரியையும் பாருங்கோ. சின்ன ஏரி, ஆனா 24 மீற்றர் ஆழம், அடித்தண்ணி மேல்தண்ணியோட கலக்கிறதே இல்ல, அதால அடியில வருசத்துக்கு ஒரு படை குழம்பாமல் அப்பிடியே படிஞ்சு கிடக்குது. மனுசர் பூமியை மாத்தின காலத்துக்கு அடையாளமா இந்தச் சேற்றைத்தான் 2023ல விஞ்ஞானிகள் தெரிவு செய்தவை, 2024ல அந்தப் பிரேரணை தோத்துப் போச்சு. சுத்திவர மரப்பாதை, வயசானவைக்கும் சுகம்.

வைகைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு எதிர்பார்க்கல. இந்தியன் ஸ்பிரிங்ஸ் இந்த சனிக்கிழமையே போறோம், ஜூலைல யூ.பி. பிளான். இன்னொரு சந்தேகம், ஒரு லேக் ஓரத்துல ஈரமண்ணுல ஆரஞ்சு கலர்ல சேறும் மேல எண்ணெய் மாதிரி வானவில் படலமும் இருந்துச்சு. போட்டுல இருந்து பெட்ரோல் கசிஞ்சதா? பசங்க கால் வெச்சுட்டாங்க.

மொரைன்_மணி:

பயப்படாதீங்க, ஒரு குச்சிய எடுத்து அந்தப் படலத்தக் குத்திப் பாருங்க. கண்ணாடி மாதிரி சில்லு சில்லா ஒடைஞ்சு அப்படியே நின்னா அது இரும்பு பாக்டீரியா வேலை. நிலத்தடி தண்ணியில கரைஞ்சு வர்ற இரும்பு வெளிக்காத்து பட்டதும் துரு ஆகுது, அதான் ஆரஞ்சு. குத்தினதும் சுத்தி வந்து திரும்ப ஒட்டிக்கிட்டா அதுதான் பெட்ரோலோ எண்ணெயோ. உங்களுது முதல் வகையா இருந்தா ஊத்து கசியற எடத்துமேலதான் நின்னிருக்கீங்க, கால கழுவினா போதும்.

வடலி சொன்ன சுண்ணாம்புக்கல் விஷயத்துக்கு ரொம்ப நன்றி, அத நான் சொல்லியிருக்கணும்.

அந்த எடத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, குளிர்காலத்துல முக்கியம். மண்ணுக்கடியில இருந்து வர்ற தண்ணி ஜனவரியிலயும் ஏறக்குறைய அதே சூட்டுல வர்றதால ஊத்து மேல ஐஸ் மெல்லிசாதான் கட்டும், மேல ஸ்நோ விழுந்துட்டா வித்தியாசமே தெரியாது. மத்த எடத்துல ஒரு அடி ஐஸ் இருக்கும், காரக் கூட ஓட்டிட்டுப் போவாங்க, அஞ்சு அடி தள்ளி ஆள் உள்ள போயிருவான். ஐஸ் மேல பசங்கள எறக்கறதுக்கு முன்னாடி அந்த ஏரிப் பக்கத்து தூண்டில் கடையில ஊத்து எங்கெங்க இருக்குன்னு கேட்டுக்கோங்க, அங்க வருஷா வருஷம் மீன் புடிக்கறவங்களுக்கு அது நல்லாத் தெரியும்.