மறு: மறு: ஏரியால் வரும் பனிப்பொழிவுக்குக் கலைச்சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

டொராண்டோவிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். எங்கள் தமிழ் வகுப்புக்கு ‘லேக் எஃபெக்ட் ஸ்நோ’ பற்றி ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். கடுங்குளிர்க் காற்று உறையாத ஏரியைக் கடக்கையில் வெப்பத்தையும் ஈரத்தையும் ஏற்று, முகிலாகி, மறுகரையில் கொட்டும் பனி இது. ‘ஏரி விளைவுப் பனி’ என்று எழுதினேன், பிள்ளைகளுக்கு விளங்கவில்லை.

மதுரையிலிருந்து:

அம்மா, ‘விளைவு’ ஆங்கிலத்தின் நிழல். “பாடுஇமிழ் பனிக்கடல் பருகி வலன்ஏர்பு, கோடுகொண்டு எழுந்த கொடுஞ்செலவு எழிலி” என்கிறது முல்லைப்பாட்டு. எழிலி முகில், ஏர்தல் எழுதல், கோடு மலை. பருகுதல், எழுதல், மலையேறுதல் எல்லாம் ஈரடியில் உள்ளன. ‘பருகுபனி’ என்போம். ‘ஏரி’ என்பதே இந்த ‘ஏர்தல்’ வேரில் பிறந்தது என்பது என் துணிபு.

சென்னையிலிருந்து:

ஐயா, பருகுவது காற்று, பனியன்று. படிப்பவர் குடிக்கும் பனி என்றே கொள்வார். ‘ஏரிப்பனி’ போதும். ஏரியால் விளைந்த பனி. பொற்குடம் போல, ‘ஆல்’ உருபும் ‘விளைந்த’ என்ற பயனும் மறைந்து நிற்கும் ‘உருபும் பயனும் உடன்தொக்க தொகை’. ‘ஏரி’யை உழவரின் ஏரோடு சேர்ப்பவரும் உண்டு. அதைத் தனி இழையில் பேசலாம்.

பஃபலோவிலிருந்து:

ஏரிப்பனி என்றால் ஏரிமேல் கிடக்கும் பனி என்றும் பொருள்படுமே! இங்கே அந்த வேறுபாடு முக்கியம். 1977 ஜனவரிப் பனிப்புயலின்போது ஈரி ஏரி ஏற்கெனவே உறைந்திருந்தது. 1976 டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. உறைந்த ஏரி ஈரம் தராது. ஏரிமேல் குவிந்திருந்த பனியைத்தான் காற்று வாரிவந்து ஊரை மூடியது. 2022 நவம்பரில் ஏரி உறையவில்லை. காற்று அதன் நீளவாக்கில் வீசியதால் நகருக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் ஆறரை அடி கொட்டியது. நகரின் வடக்கே அதில் சிறு பங்குதான். ஏரி நீரைவிட ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக் காற்று 13 டிகிரி செல்சியஸாவது குளிர்ந்திருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஒன்ராறியோ ஏரி ஆழமானது, முழுதும் உறைவது அரிது. அதனால் அதன் கிழக்கே டக் ஹில் மேட்டில் குளிர்காலம் முழுக்கப் பொழிகிறது. மதுரை ஐயா சொன்ன ‘கோடு’ அதுதான்.

டோக்கியோவிலிருந்து:

சைபீரியக் காற்று ஜப்பான் கடலைக் கடந்து நீகாட்டாவில் கொட்டுவதும் இதே வகை. ‘ஏரி’ இங்கே பொருந்தாது. ‘நீர்ப்பனி’?

சென்னையிலிருந்து:

பனியே நீர்தானே. அங்கே ‘கடற்பனி’ என்று எழுதுங்கள்.

டொராண்டோவிலிருந்து:

நன்றி. பெரும்பாலோர் சாய்வதால் ‘ஏரிப்பனி’ என்றே அனுப்புகிறேன். 1977இல் அடித்துவந்ததை ‘வாரிப்பனி’ என்று தனியே குறித்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து:

அனுப்புங்கள் அம்மா; எனக்கு உடன்பாடில்லை. உண்கலம் என்கிறோம், கலமா உண்கிறது? சுடுகாட்டில் காடா சுடுகிறது? பருகுபனிக்கும் அந்த உரிமை உண்டு. ஏர்தல்–ஏரி உறவுக்கான சான்றுகளை நாளை தனி இழையில் இடுகிறேன்.