பாய்லர் அடியில் தினமும் தண்ணீர் சொட்டுகிறது, பிரஷர் மட்டும் இறங்கவில்லை: ஹேச்சரி சூடேற்றும் லைனுக்கு உதவி தேவை

வடகடல் ஹேச்சரி:
வணக்கம். உச்சிப்புளி பக்கம் வடகடல் ஓரமாகச் சின்ன இறால் ஹேச்சரி நடத்துகிறோம். 10 டன் தொட்டி ஆறு, மொத்தம் 60 டன் கடல்நீர். வாடைக்காற்று பிடித்துவிட்டால் இரவில் தொட்டித் தண்ணீர் 26 டிகிரிக்கு இறங்கிவிடும். வன்னாமெய் ரக இறால் குஞ்சுக்கு 30 வேண்டும். ஜோயா என்ற இளம் லார்வா நிலையில் குளிர் பட்டால் தோல் உரிப்பது தள்ளிப்போகிறது, தீனியும் எடுப்பதில்லை.

அதற்காகப் போன வருஷம் கேஸ் பாய்லர் வைத்தோம். மணிக்கு 40,000 கிலோ கலோரி, அதாவது சுமார் 46.5 கிலோவாட். உள்ளே சாதாரண இரும்புக் குழாய்தான். பாய்லர் தண்ணீர் தனிச் சுற்று, கடல்நீரோடு கலக்காது. ஒவ்வொரு தொட்டியிலும் அந்தச் சூடுநீர் ஓடும் டைட்டானியம் காயில் தொங்குகிறது. தொட்டிக்கு அதிகச் சூடு கூடாது என்பதால் பாய்லரை 45 டிகிரியில் செட் செய்திருக்கிறோம். திரும்பி வரும் லைன் 32.

இரண்டாம் மாதத்திலிருந்தே பாய்லர் அடியில் தண்ணீர். விடிந்து பார்த்தால் அரை வாளி நிற்கிறது. உள்ளே செதில் செதிலாகத் துரு. ஓட்டை என்று சொல்லி இரண்டு தடவை வெல்டிங் வைத்தார்கள், ஒரு தடவை குழாயையே மாற்றினார்கள். மறுபடியும் அதே கதை. எட்டு நாளில் புது லாட் நாப்ளி, அதாவது அப்போதுதான் பொரித்த குஞ்சு, வருகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

பரமக்குடி பிளம்பர்:
பிரஷர் இறங்கவில்லை என்கிறீர்கள், சரி. தானாகத் தண்ணீர் நிரப்பும் வால்வு இருக்கிறதா? இருந்தால் ஓட்டை இருந்தாலும் அது நிரப்பிக்கொண்டே இருக்கும், மீட்டர் அசையாது. அதை மூடிவிட்டு ஒரு ராத்திரி பாருங்கள்.

வடகடல் ஹேச்சரி:
மூடிப் பார்த்தேன் அண்ணே. மாலை 6 மணிக்கு 1.5, காலை 6 மணிக்கும் 1.5. வாளியில் தண்ணீர் மட்டும் வழக்கம்போல் இருந்தது.

கீழக்கரை:
தம்பி, வெல்டரைக் கூப்பிடாதீர்கள். ஹேச்சரியில் பிஎச் மீட்டரும் உப்பு பார்க்கும் கருவியும் இருக்குமே? வாளித் தண்ணீரையும் சுற்றில் ஓடும் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்துச் சொல்லுங்கள். எப்போது சொட்டத் தொடங்குகிறது என்றும் நின்று பாருங்கள். பாய்லர் அறையை உள்ளிருந்து படம் எடுத்துப் போடுங்கள், நாலு மூலையும் தெரிய வேண்டும்.

வடகடல் ஹேச்சரி:
சுற்றுத் தண்ணீர் பிஎச் 8.1. வாளித் தண்ணீர் 3.9. நம்பாமல் மூன்று தடவை பார்த்தேன். உப்பு பூஜ்யம். பர்னர் பற்றிப் பத்து நிமிஷத்தில் குழாய்களின் வெளிப்பக்கம் வேர்க்கிறது, அப்புறம் துளித்துளியாக இறங்குகிறது. எரியும்வரை நிற்பதில்லை. படம் போட்டிருக்கிறேன் காக்கா.

கீழக்கரை:
படம் பார்த்தேன். குழாய் விஷயத்துக்கு முன்னால் ஒன்று. அறையில் கயிற்றுக்கட்டில் கிடக்கிறது. யாரோ அங்கே படுக்கிறார்கள். இன்று இரவே கட்டிலை வெளியே எடுங்கள். புகைக்குழாயின் முழங்கைப் பகுதியில் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறது, அந்த இடம் அரித்துவிட்டது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்தில் இருப்பவருக்கு எழுந்து வரவும் தெரியாது. இதை முடித்துவிட்டுத்தான் மீதியைப் படியுங்கள்.

இப்போது சொட்டும் தண்ணீர். அது குழாயிலிருந்து வரவில்லை, நெருப்பிலிருந்து வருகிறது. எல்பிஜி ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி உண்டாகும். 19 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது 30 லிட்டர் தண்ணீர் புகையோடு போகிறது என்று வையுங்கள். பாய்லர் சூடாக இருந்தால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். குழாயின் மேற்பரப்பு சுமார் 54 டிகிரிக்குக் கீழே இருந்தால் அங்கேயே நீராகப் படியும். புகையில் உள்ள கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் கரைந்து அமிலமாகும். உங்கள் மீட்டர் காட்டிய 3.9 அதுதான். நீங்கள் 32 டிகிரி தண்ணீரை நேராக இரும்புக்குள் விடுகிறீர்கள். ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வேர்ப்பது போல் அது வேர்க்கிறது.

நான் 14 வருஷம் இங்கிலாந்தில் வீடுகளைச் சூடாக்கும் பாய்லர் வேலை பார்த்தேன். அங்கே தரைக்கு அடியில் குழாய் ஓட்டி 35, 40 டிகிரி தண்ணீர் விடுவார்கள், உங்கள் தொட்டி வேலையும் அதேதான். 2005 ஏப்ரலிலிருந்து அங்கே வீட்டுக்குப் புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர் பெரும்பாலும் கண்டென்சிங் வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி. அந்த வகையில் உள்ளே ஸ்டெயின்லெஸ் அல்லது அலுமினியக் கலவை இருக்கும், நீர் படிவதற்கென்றே செய்தது, படிய வைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்ளும். உங்களுடையது அந்த ரகம் இல்லை. இதற்குத் திரும்பி வரும் தண்ணீர் 60 இருக்க வேண்டும்.

தொண்டி டெக்னீசியன்:
எங்கள் ஹேச்சரியில் போகிற லைனுக்கும் வருகிற லைனுக்கும் நடுவே பைபாஸ் போட்டு கேட் வால்வு வைத்திருக்கிறோம். கொஞ்சம் திறந்துவிட்டால் சூடுநீர் திரும்பும் லைனில் கலந்துவிடும். இது போதாதா?

கீழக்கரை:
ஒரே நிலையில் ஓடும்போது போதும். ஆறு தொட்டியும் குளிர்ந்து கிடக்கும் முதல் இரண்டு மணி நேரத்தில் போதாது. ராத்திரி 2 மணிக்கு வால்வைத் திருப்ப யார் எழுவார்கள்? கையால் வைத்த வால்வு வைத்த இடத்தில் நிற்கும், தண்ணீரின் சூடு நிற்காது. சூடு பார்த்துத் தானே நகரும் த்ரீ வே (மூன்று வழி) வால்வுதான் வேண்டும்.

நான் செய்வது இப்படி. பாய்லரை ஒட்டி ஒரு குட்டிச் சுற்று, அதற்குத் தனி பம்ப். பாய்லரை 75 டிகிரியில் செட் செய்யுங்கள். திரும்பும் வாயில் 60 டிகிரி த்ரீ வே வால்வு. பாய்லர் சூடேறும்வரை அது தண்ணீரைக் குட்டிச் சுற்றுக்குள்ளேயே சுழல விடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டிப் பக்கம் வழி திறக்கும். தொட்டிச் சுற்றுக்கு இன்னொரு பம்ப், 42 டிகிரிக்கு மேல் போகவிடாத இன்னொரு கலப்பு வால்வு. முதல் வால்வு பாய்லருக்குக் காவல், இரண்டாவது குஞ்சுக்குக் காவல்.

கணக்கும் பாருங்கள். 46.5 கிலோவாட்டுக்கு 75 போய் 60 வர, பாய்லர் வழியே மணிக்கு 2670 லிட்டர் ஓட வேண்டும். தொட்டிப் பக்கம் 42 போய் 32 வர 4000 லிட்டர். ஆனால் பாய்லர் சுற்றிலிருந்து தொட்டிக்கு உண்மையில் பிரிந்து போவது 930 லிட்டர்தான். அதே 930 லிட்டர் 32 டிகிரியில் திரும்பி, மீதி 1740 லிட்டர் 75 டிகிரி தண்ணீரோடு கலந்தால் சரியாக 60 வரும். இத்தனை நாள் 32 டிகிரியைச் சந்தித்த அதே இரும்பு, அதே சூட்டைத் தொட்டிக்குக் கொடுத்துக்கொண்டே 60 டிகிரியைச் சந்திக்கும்.

இரண்டு சுற்றும் சேரும் இடத்தில் இரண்டு டீயையும் (T வடிவக் குழாய் இணைப்பு) நெருக்கி வையுங்கள், குழாய் விட்டத்தைப் போல் நாலு மடங்குக்குள். ஒன்றேகால் இஞ்ச் குழாய்க்கு அரை அடியே அதிகம். தள்ளி வைத்தால் ஒரு பம்ப் இன்னொரு சுற்றின் தண்ணீரையும் இழுக்கும்.

பரமக்குடி பிளம்பர்:
75 டிகிரி என்றால் பாய்லர் பக்கம் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். அது 82 டிகிரி வரைதான் தாங்கும், தெர்மோஸ்டாட் ஒரு தடவை ஏமாற்றினாலே தொங்கிவிடும். கலப்பு வால்வு வரை ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது காப்பர் போடுங்கள்.

தொண்டி டெக்னீசியன்:
ஹேச்சரியில் காப்பர் வேண்டவே வேண்டாம் அண்ணே. தொட்டிப் பக்கம் ஒரு துளி கசிந்தாலும் லார்வாவுக்கு விஷம். ஜிஐயே போகட்டும்.

கீழக்கரை:
சரியாகச் சொன்னீர்கள், ஜிஐ.

இன்னொன்றும் படத்தில் கண்டேன். பர்னருக்கு இடப்பக்கம் அடுக்கியிருக்கும் மூட்டைகள் பிளீச்சிங் பவுடரா?

வடகடல் ஹேச்சரி:
ஆமாம் காக்கா. கடல்நீரைச் சுத்தம் செய்ய வாங்குவது. மழை படாத இடம் அது ஒன்றுதான்.

கீழக்கரை:
வெளியேற்றுங்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாடையை பர்னர் உள்ளே இழுக்கிறது. நெருப்பில் அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. உங்கள் குழாய் இரண்டே மாதத்தில் செதில் விட்டதற்கு ஈரம் மட்டும் காரணமாக இருக்காது என்று எனக்கு முதலிலேயே உறுத்தியது. நாளைக்கு நல்ல கண்டென்சிங் பாய்லரே வாங்கி வைத்தாலும் இந்த மூட்டைக்குப் பக்கத்தில் அதன் ஸ்டெயின்லெஸும் நிற்காது. நம் கரையில் உப்புக்காற்று ஏற்கெனவே இருக்கிறது, இது வேறு சேர வேண்டாம்.

வடகடல் ஹேச்சரி:
ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு வால்வும் மதுரையிலிருந்து வந்தன. பரமக்குடி அண்ணன் நேரிலேயே வந்து இரண்டு நாள் இருந்து லைன் போட்டுக் கொடுத்தார். டீ இரண்டுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான்.

நேற்று மாலை பற்றவைத்தோம். முதல் 20 நிமிஷம் வேர்த்தது, வாளியில் ஒரு டம்ளர் அளவு விழுந்தது. திரும்பும் லைன் 60 தொட்டதும் நின்றது. அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குழாய் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. விடிகாலை 4 மணிக்கு ஆறு தொட்டியும் 30, வாளியில் அந்த ஒரு டம்ளர்தான். முதல் 20 நிமிஷம் வேர்ப்பது சரிதானா காக்கா?

கீழக்கரை:
சரிதான் தம்பி. குளிர்ந்த இரும்பு சூடேறும்வரை எந்த பாய்லரும் அப்படித்தான், பின்னால் காய்ந்துவிட்டால் கெடுதல் இல்லை. அடிக்கடி நின்று நின்று எரிய விடாதீர்கள், அது மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புகைக்குழாய்?

வடகடல் ஹேச்சரி:
நாளை காலை மாற்றுகிறோம். மூட்டைகள் தீவன அறைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டுத் தனிக் கொட்டகைக்குப் போய்விட்டன. கட்டில் அன்று இரவே வெளியே வந்துவிட்டது, காவல்காரப் பெரியவர் இப்போது ஆபீஸ் வராந்தாவில் படுக்கிறார். நாப்ளி வியாழன் காலை வருகிறது.