கற்பனை நாட்டு மன்னராக நடிப்பவருக்கு யாரை முன்மாதிரியாகக் காட்டலாம்?

பட்டர்வொர்த் ஆசிரியர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழக மாணவர்கள், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்து, தாங்களே எழுதிய நாடகத்தை ஒத்திகை பார்த்து வருகிறார்கள். மன்னராக நடிக்கும் படிவம் நான்கு மாணவருக்கு நல்ல குரல்வளம் உண்டு. ஆனால் அரியணையில் அமர்ந்தது முதல் எழுவது வரை முழங்கிக்கொண்டே இருக்கிறார். எல்லையூர் ஒன்றைப் பகைவரின் தூதரிடம் விட்டுக்கொடுக்கும் காட்சியிலும் அதே முழக்கம்தான். ஆட்சியாளர் வேடத்தை உணர்ந்து நடித்தவர்களாக யாரை அவருக்குக் காட்டலாம்?

செந்தூல் வாசகர்:
வணக்கம் ஐயா. 2003இல் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' மூன்றாம் படத்தில் டெனத்தோராக நடித்த ஜான் நோபிளைக் காட்டுங்கள். டெனத்தோர் மன்னர் அல்லர். மன்னர் திரும்பும்வரை கோண்டோர் நாட்டைக் காக்கும் பொறுப்பாளர். ஆகவே, மேலே அரியணை வெறுமையாக இருக்க, அதன் படிகளுக்குக் கீழே உள்ள கறுப்பு இருக்கையில்தான் அவர் அமர்கிறார். பெற்ற மகனையே மீள முடியாத போருக்கு அனுப்பிவிட்டு உணவுண்ணும் காட்சியில், சிறிய தக்காளியைக் கடிக்க, அதன் சாறு மோவாயில் வழிகிறது. எதிரே ஒருவன் பாட, அங்கே குதிரைகள் சாவை நோக்கி ஓடுகின்றன. அந்த வாய் மெல்லுவதைப் பார்க்கும்போது நமக்கு வரும் கோபத்தை எந்த வசனத்தாலும் வரவழைக்க முடியாது.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் முதல் பருவத்தில், 2011இல், டைவின் லானிஸ்டராக அறிமுகமாகும் சார்லஸ் டான்சும் அப்படித்தான். ஒரு மானின் தோலை உரித்துக்கொண்டே, குலப் பெருமையைப் பற்றி மகனைக் கண்டிக்கிறார். கத்தியும் நிற்பதில்லை, குரலும் உயர்வதில்லை.

ஜார்ஜ் டவுன் வாசகி:
செந்தூல் ஐயாவின் எடுத்துக்காட்டுகளை மதிக்கிறேன். ஆனால் அந்த மாணவரின் குரலைக் குறையாகக் கருத வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். நம் மேடையில் அரசனை அரசனாக்கியது வசனம்தான். 1958இல் எம்.ஜி.ஆர். தாமே இயக்கி நடித்த 'நாடோடி மன்னன்' படத்தில், மன்னருடைய உருவத்தை ஒத்த ஒரு சாமானியன் அவருக்குப் பதிலாக அரியணையில் அமர்ந்து, ஏழைகளுக்கான சட்டங்களை அறிவிக்கிறான். அந்த அறிவிப்புகளை ரசிகர்கள் கற்பனை நாட்டின் சட்டங்களாக மட்டும் கேட்கவில்லை. நடித்தவர் 1977இல் தமிழகத்தின் முதலமைச்சராகவே ஆனார்.

'பாகுபலி'யில் (2015) சிவகாமியாக வரும் ரம்யா கிருஷ்ணனும் உரத்துத்தான் ஆணையிடுகிறார். ஆயினும் அதற்கு முன் அவர் பார்வையை நிறுத்தி, அவை அடங்கும்வரை காத்திருக்கிறார். என் கணிப்பில் அவருக்கு நிகரான அரசி அண்மைக்காலத் திரையில் இல்லை. உங்கள் மாணவருக்குத் தேவை அந்தக் காத்திருப்புதான்.

இன்னொன்று: மானை உரிக்கும் காட்சியை நம் மேடைக்குக் கொண்டுவர முடியாது, வெற்றிலைத் தட்டைக் கொண்டுவரலாம். தாம்பூலம் கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்பது நம் வழக்கம் அல்லவா? ஊரை விட்டுக்கொடுக்கும் மன்னர், தம் கையாலேயே வெற்றிலை மடித்துத் தூதருக்குக் கொடுக்கட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு ரசிகர்:
முதல் பதிலில் சொன்ன அதே வரிசையின் இரண்டாம் படத்தில் (2002) தியோடன் மன்னராக நடித்த பெர்னார்ட் ஹில்லையும் மறக்க வேண்டாம். மந்திரக் கட்டிலிருந்து மீண்டதும், வாளின் பிடியை விரல்கள் பழைய நினைவோடு தேடிப் பற்றுகின்றன. கைகளை மட்டும் கவனிக்கும்படி மாணவரிடம் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
அனைவருக்கும் நன்றி. அம்மா சொன்னபடி, நேற்றைய ஒத்திகைக்கு வெற்றிலைத் தட்டைக் கொண்டு சென்றேன். மாணவர் காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பைத் தடவி, மடிக்கத் தெரியாமல் இருமுறை பிரித்து மடித்தார். அவ்வளவு நேரமும் அவையில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஊரின் பெயரை மட்டும் தம் முழுக்குரலில் சொல்லித் தட்டைத் தூதர் பக்கம் நகர்த்தினார். அமைச்சராக நடிக்கும் மாணவி, நாடகத்தில் எழுதப்படாத ஒரு கேள்வியைத் தாமாகவே கேட்டார்: "அங்குள்ள மக்களிடம் கேட்டீர்களா, அரசே?" அந்த வரியை நாடகத்தில் சேர்த்துவிட்டோம். மன்னர் என்ன பதில் சொல்வார் என்பதை மாணவர்கள் இன்னும் எழுதி முடிக்கவில்லை.